பால்வாடித் திண்ணை

ஜவ்வாது மலையில் ஒரு பால்வாடிக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், சென்னையில் என்னுடன் ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழி கேட்டாள்: "மலை முழுக்க இடம் கிடக்குது. அங்க பசங்க விளையாடக் கட்டடம் எதுக்குப்பா?"

நியாயமான கேள்விதான். ஜமுனாமரத்தூர் கோடை விழாவுக்கு வருகிறவர்களும், பீமன் அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களும் இதையேதான் நினைப்பார்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் இருப்பவர்கள் அவர்கள். வருடம் முழுக்க இருப்பவர்களுக்கு மலை என்றால் முதலில் மழை. ஆடியில் சாயங்காலம் தவறாமல் இடித்துக்கொண்டு பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் தூறல் விடாது. மார்கழியில் காலை பத்து மணி வரைக்கும் எதிர் வீடு தெரியாது. காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் அவர்களுக்கே வானம் கிடைப்பது அபூர்வம். எங்கள் பிள்ளைகளுக்கு வாசல் கிடைக்காததில் ஆச்சரியமில்லை.

வீட்டுக்குள் விளையாடலாமே என்றால், எங்கள் வீடுகளைப் பார்க்க வேண்டும். பழைய வீடு என்றால் மண் சுவர், குனிந்து நுழையும் வாசல், ஒரே அறை. அதில் அடுப்பு, சாமை மூட்டை, ஆட்டுக்குட்டி. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு என்றால் சுவர் மட்டும் சிமெண்ட், மற்றதெல்லாம் அதேதான். மூன்று வயதுப் பிள்ளை ஓடித் திரும்புவதற்கு அங்கே இடம் கிடையாது. மூலையில் கொடுவாள் சாத்தியிருக்கும். அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாத நாட்களும் உண்டு. அதனால் எங்கள் ஊரில் விளையாட இடம் என்றால் காய்ந்த தரை, ஒழுகாத கூரை, பார்த்துக்கொள்ள ஒரு ஆள். ஊரில் இது மூன்றும் சேர்ந்திருந்த ஒரே இடம் பால்வாடி.

அரசாங்கக் காகிதத்தில் அது அங்கன்வாடி மையம். வாயில் வருவது பால்வாடிதான். என் அம்மா அங்கே டீச்சர். முறைப்படி அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் எல்லோருக்கும் டீச்சர், எனக்கும் பகல் நேரத்தில் டீச்சர். சமைப்பதற்கும் பிள்ளைகளைக் கழுவி விடுவதற்கும் இருக்கும் உதவியாளரை ஆயா என்போம். எங்கள் பக்கத்தில் பாட்டியையும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். எனவே பால்வாடிக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு ஆயா, பால்வாடியில் ஒரு ஆயா. அந்த வயதில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே வித்தியாசம் இருக்காது; பால்வாடி ஆயாவே சொந்தப் பாட்டியாக இருப்பாள்.

பழைய கட்டடம் எனக்கு மூத்தது. நீளமான ஒரே ஹால், பின்பக்கம் புகை படிந்த சமையலறை, முன்பக்கம் அகலமான திண்ணை. ஹாலின் குறுக்கு உத்தரத்தில் ஒரு கொக்கி இருந்தது. மாதம் ஒருமுறை எடை போடும்போது சால்ட்டர் தராசை அதில்தான் மாட்டுவார்கள். கடிகாரம் போல வட்டமான முகம், கீழே துணியில் தைத்த கால்சட்டை. பிள்ளையை அதில் நுழைத்துத் தொங்கவிட்டால் முள் நகரும். எடை போடுகிறோம் என்று டீச்சருக்குத்தான் தெரியும், பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல். இறக்கிவிட்டால் அழுவார்கள், மறுபடி வரிசையில் போய் நிற்பார்கள். ஒரே பிள்ளையை இரண்டு தடவை பதிவேட்டில் எழுதிவிடக்கூடாதே என்று அம்மா பேர் சொல்லிச் சொல்லித்தான் ஏற்றுவாள். பிற்பாடு தரையில் வைக்கும் மின்னணுத் தராசு வந்தது. எடை சரியாகக் காட்டியது. கொக்கி சும்மா இருப்பானேன் என்று அதில் ஒரு பழைய புடவையைக் கட்டி ஆயா தூளி போட்டுவிட்டாள்.

பால்வாடி முடிந்து கதவைப் பூட்டிய பிறகும் திண்ணை பூட்டப்படாது. அப்போது அது பெரிய பிள்ளைகளுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்கள் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதினார்கள், கல்லாங்காய் ஆடினார்கள், கரித்துண்டால் தரையில் பாண்டிக் கட்டம் போட்டார்கள். உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு வந்தால் முதலில் வந்து உட்காருவதும் அங்கேதான். மழை வலுத்தால் மேய்ச்சலுக்குப் போன தாத்தாவும் ஓரமாக ஒதுங்குவார். அவர் ஒதுங்கினால் கதை கிடைக்கும். மலையில் சில ஊர்களை ஒட்டிக் கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடிய மிகப் பழைய கல்வீடுகள் இருக்கின்றன. தொல்லியல்காரர்கள் அவற்றைப் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் என்கிறார்கள். எங்கள் தாத்தாக்களின் கணக்கில் அவை குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடுகள். அந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகள் அடுத்த நாள் பால்வாடிப் பலகைகளை நிறுத்தி வைத்து உள்ளே சுருண்டு படுத்துக்கொள்வார்கள்.

சம்பளத்துக்குச் சென்னை வந்த பிறகுதான் அங்கன்வாடி என்ற சொல்லின் கதையை நான் படித்தேன். ஆங்கன் என்றால் முற்றம். தாராபாய் மோடக் என்ற கல்வியாளர், குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் குழந்தைக் கல்வியில் வேலை செய்தவர். 1945இல் மும்பைக்கு வடக்கே போர்டி என்ற கடற்கரை ஊரில் கிராமப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அப்படியானால் பள்ளி பிள்ளைகளிடம் போகட்டும் என்று குடியிருப்புகளின் முற்றத்திலேயே நடத்த ஆரம்பித்தார். விலை உயர்ந்த மாண்டிசோரிப் பொருட்களுக்குப் பதிலாகச் சிப்பி, கூழாங்கல், இலை, விதை. பிறகு அவரும் அனுதாய் வாக்கும் கோஸ்பாட் குன்றுக்குப் போய் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளோடு அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். மாடு மேய்க்கப் போகிற பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினார்கள். ஆக, இந்தச் சொல்லும் இந்த முறையும் ஒரு மலைக்குன்றில், எங்களைப் போன்ற பிள்ளைகளிடம் தேறி வந்தவை.

நம் பக்கத்திலும் ஒரு மலைக் கதை உண்டு. 1939இல் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அடுத்த வருடம் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு. போர்க் காலத்தில் ஏறத்தாழ இரண்டு வருடம் கொடைக்கானலில் இருந்தார். வேறு வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் கலந்து, செடியையும் பூச்சியையும் பார்த்துக் கற்றுக்கொண்டது அங்கேதான். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், சுவர் வைத்துப் பிரிக்காதே என்பது அவர் கல்வியில் முக்கியமான பாடம். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தபோது இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்தே அதில் சேர்த்தார்கள். இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பழங்குடி, மலைப் பகுதிகளில் 300 பேர் இருந்தாலே ஒரு மையம் வைக்கலாம், 150 பேர் இருந்தால் குறு மையம் வைக்கலாம் என்பது விதி. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் குடியிருப்புகள் ஒவ்வொன்றும் முப்பது வீடு, நாற்பது வீடு. ஒன்றுக்கொன்று ஓடை, ஏற்றம், காடு. இரண்டு ஊருக்குப் பொதுவான மையம் என்றால், ஒரு ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்கள் இடுப்பில் ஏறித்தான் வர வேண்டும்.

பெரியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அடுத்த விஷயம். சாமையும் வரகும் மூன்று நான்கு மாத வேலை. மீதி மாதங்களுக்குத் திருப்பூர், கேரளம், கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்கள். ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். எங்கள் மலை ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். அந்தச் சமயம் மலை முழுக்கத் துக்கம் விசாரிக்கவும் அலுவலகங்களுக்கும் பெரியவர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். பால்வாடிகளைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். பிள்ளைகளை விட வேறு இடம் இல்லை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இடிக்கப்பட்ட கட்டடத்தை வெறும் விளையாட்டுக் கூடம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்பா திருப்பூரிலும் அம்மா கொல்லையிலும் இருக்கும்போது பிள்ளை எங்கே இருந்தது என்று கேட்டால், பதில் அந்த ஹால்.

கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்பது யாருக்கும் ரகசியமில்லை. வடக்குச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். அதில் எறும்பு குடும்பம் நடத்தியது. சமையலறை ஓட்டை மாற்றினால் ஹாலில் ஒழுகும், ஹாலைச் சரிசெய்தால் திண்ணையில் ஒழுகும். சாரல் அடிக்கிற பக்கத்தில் பாசி பிடித்து, பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு போனது. எங்கள் மலைக்கும் ஆட்கள் வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். செங்கட்டியால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள்.

நான் அந்த வாரம் ஊரில் இருந்தேன். திண்ணையை மட்டுமாவது விட்டுவைக்கலாமே, அது தனியாகத்தானே நிற்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு இன்னாடி, வந்து பாத்துட்டுப் போற. ராத்திரி மழ பேஞ்சா எனக்குத்தான் தூக்கம் வராது. காலைல போயி மொதல்ல செவுத்தப் பாத்துட்டுத்தான் பசங்கள உள்ள வுடறேன். உனக்கு அது ஞாபகம். எனக்கு அது இருபத்திரெண்டு உசுரு."

அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்டதில் அர்த்தமில்லை என்று நான் நினைக்கவில்லை. சுவர் விழும் என்பது அவள் பயம். திண்ணை போனால் திரும்பி வராது என்பது என் பயம். இரண்டும் ஒரே கட்டடத்தைப் பற்றிய பயங்கள்தான். இடிக்க வந்தவர்களிடம் முதல் பயத்துக்கு ஒரு பாரம் இருந்தது, பூர்த்தி செய்து கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவதற்குப் பாரம் கிடையாது.

ஜேசிபி வந்து ஒரு பகலில் வேலையை முடித்துவிட்டது. கட்டுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மணலும் ஜல்லியும் கீழேயிருந்து ஏற வேண்டும். மழைக்காலத்தில் லாரி ஏறாது. லாரி ஏறும் காலத்தில் பில் பாஸாகாது. அதுவரை மையம் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் நடந்தது. வீட்டுக்காரர் நல்லவர், வாடகைக்கு அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவர் வீட்டு ஆடும் அங்கேதான், பிள்ளைகளும் அங்கேதான். ஓடக்கூடாது, கத்தக்கூடாது, சுவரில் கிறுக்கக்கூடாது. அடுத்தவர் வீடாயிற்றே. இருபத்திரண்டு பேர் வந்த இடத்தில் பதினொன்று, சாரல் நாட்களில் ஆறு. வராத பிள்ளைகள் அம்மாவோடு கொல்லைக்குப் போனார்கள், அல்லது ஏழு வயது அக்கா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டாள். முட்டையும் சத்துமாவும் வீட்டுக்கே கொடுத்துவிடலாம், கொடுத்தார்கள். விளையாட்டை அப்படிப் பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியாது. பால்வாடிக்கு வரும் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது பால்வாடிக் காலத்தில் பெரும் பங்கு.

பழையதை இடிப்பதற்கு முன்னால் மாற்று இடம் தயாராக இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் கேட்டவர்களுக்குச் சட்டத்தின் துணை பெரிதாக இருந்திருக்காது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது. அது ஆறு வயதுக்கு மேல். ஆறுக்குக் கீழே, அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு, அரசு முயற்சி செய்யும் என்கிறது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு விளையாட்டை உரிமை என்றே சொல்கிறது. 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. உரிமை என்று ஒப்புக்கொண்டாயிற்று, இடம் மட்டும் முயற்சியில் இருக்கிறது.

அந்த வருடம் நான் சென்னையில் ஒரு மாலில், குழந்தைகள் விளையாடும் கூடத்தில் கவுண்ட்டர் வேலை பார்த்தேன். சுற்றிலும் வலை, மெத்தைத் தரை, நெளிந்து இறங்கும் சறுக்கு, பிளாஸ்டிக் பந்துகள் நிரம்பிய குளம். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். கையில் பட்டை கட்டி, நேரம் எழுதி உள்ளே விடுவேன். சாக்ஸ் இல்லாமல் வரக்கூடாது. இல்லாதவர்களுக்கு நாங்களே விற்போம். சுத்தம், பாதுகாப்பு இரண்டிலும் குறை சொல்ல முடியாது. தினமும் ராத்திரி பந்துகளைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தோம். ஒருநாள் மாலில் தரை துடைக்கும் அக்கா தன் பிள்ளையை லீவு நாளில் கூட்டிவந்திருந்தார். அந்தப் பையன் வலைக்கு வெளியே நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "உள்ள இன்னாக்கா இருக்கு?" என்று என்னைக் கேட்டான். வலை வழியாக எல்லாமே தெரிந்தது. தெரிந்ததையா கேட்டான்?

உள்ளே இருந்த பிள்ளைகளிடமும் ஒன்றைக் கவனித்தேன். ஒரு மணி நேரத்தில் யாருக்கும் யார் பேரும் தெரியாது. சறுக்கில் ஏறுவார்கள், இறங்குவார்கள். புதிதாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடிப்பதற்குள் அப்பா பட்டையைக் காட்டி, டைம் ஆச்சு என்பார். எங்கள் திண்ணையில் ஒரு விளையாட்டு உருவாகவே இரண்டு நாள் ஆகும். முதல் நாள் முழுக்க விதிகளைப் பற்றிய சண்டைதான்.

பழைய விளையாட்டு இடத்தை மாற்றும் பிரச்சினை எங்கள் மலைக்கு மட்டும் வந்ததில்லை. சிங்கப்பூரில் வீட்டு வசதிக் கழகத்தின் வடிவமைப்பாளர் கோர் ஈன் கீ 1979இல் தோ பாயோவில் ஒரு டிராகன் சறுக்கு அமைத்தார். உடம்பு முழுக்க ஓட்டுச் சில்லு பதித்த டிராகன், கீழே மணல். தர்பூசணித் துண்டு, மங்குஸ்தான், புறா என்று அடுக்குமாடிகளுக்கு நடுவில் அந்த வகை விளையாட்டு இடங்கள் வந்தன. 90களில் இறக்குமதி செய்த ஆயத்த விளையாட்டுக் கருவிகளும் ரப்பர் தரையும் வர, பழையவை ஒவ்வொன்றாகப் போயின. பாதுகாப்பு விதிகள், பராமரிப்புச் செலவு, காரணங்களில் பொய்யில்லை. மிச்சமிருக்கும் தோ பாயோ டிராகனை இன்று பெரியவர்கள் படம் எடுக்க வருகிறார்கள். ஒரு தலைமுறைக்கு ஞாபகம் இருந்ததால் அது தப்பித்தது. பக்கத்துப் பேட்டையில் போனதற்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எனக்கு இன்னும் பிடித்தது ஆம்ஸ்டர்டாம் கதை. போர் முடிந்த ஊர், இடிந்த வீடுகளுக்கு நடுவே காலி மனைகள். நகராட்சியில் வேலை பார்த்த ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1947இல் பெர்டல்மன்பிளைன் என்ற சதுக்கத்தில் ஒரு மணல் குழி, சில கட்டைகள், குட்டிக்கரணம் போட இரும்புக் கம்பிகள், அவ்வளவுதான் வைத்தார். அதைப் பார்த்த மற்ற தெருக்காரர்கள், எங்களுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது வருடத்தில் 700க்கும் மேல் அமைத்தார்கள். அவர் வேலி போடவில்லை. நடைபாதையிலிருந்து நேராக விளையாட்டுக்குள் போகலாம். பிள்ளை விளையாடாத நேரத்தில் கிழவர் அந்தக் கட்டையில் உட்காரலாம். இப்படி விளையாடு என்று சொல்கிற எதையும் அவர் வைக்கவில்லை. கம்பி, கம்பிதான், அது குதிரையா பேருந்தா என்பது பிள்ளையின் பாடு. இன்று அவற்றில் மிகச் சிலதான் அப்படியே இருக்கின்றன.

எங்கள் ஊரில் புதுக் கட்டடம் திறந்தது ஒரு தை மாதம். நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. காங்கிரீட் கூரை, ஒழுகவில்லை. தரையில் டைல்ஸ், சுவரில் யானையும் ரயிலும் எண்களும். பிள்ளைகள் உயரத்துக்குக் கழிப்பறை, உயரத்துக்குத் தகுந்த கைகழுவும் குழாய். சமையலறையில் புகையில்லை, ஆயாவின் இருமல் குறைந்திருக்கிறது. அம்மா மழை ராத்திரிகளில் தூங்குகிறாள். இதற்கு ஈடாக நான் எந்தத் திண்ணையையும் கேட்க மாட்டேன்.

ஆனால் திண்ணை இருக்கிறது. அதுதான் விசேஷம். முன்பக்கம் நீளமாக, இன்னும் அகலமாகவே கட்டியிருக்கிறார்கள். அதைச் சுற்றி இடுப்பு உயரச் சுவர், அதற்கு மேல் கூரை வரைக்கும் இரும்புக் கிரில், கிரில்லில் கேட், கேட்டில் பூட்டு. மையம் முடிந்ததும் எல்லாம் பூட்டப்படும். முதல் வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையோடு வந்து கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது வாரம் வரவில்லை.

பூட்டியதற்குக் காரணம் இல்லாமலில்லை. கிராம சபைக் கூட்டத்தில் பெண்கள் இதைக் கேட்டபோது நான் கூட்டத்தின் ஓரத்தில் இருந்தேன். அது மே 1, மாம்பழக் காலம். ஊராட்சிக்காரர் ஒருவர் எழுந்தார். "தெறந்து வெச்சா யாருமா பொறுப்பு? குடிச்சிட்டு வந்து படுப்பானுங்க. டைல்ஸ ஒடைப்பானுங்க. அப்புறம் டீச்சரம்மாதான் பதில் சொல்லணும்." பொய்யில்லை. பழைய திண்ணையிலும் பாட்டில் கிடந்திருக்கிறது. காலையில் ஆயா பெருக்கித் தள்ளியிருக்கிறாள்.

அப்போது ஆயா பேசினாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. "குடிக்கிறவன் எங்க வேணா குடிப்பான் சாமி. அவனுக்கு மலையே இருக்குது. பசங்களுக்கு மழைக்கு ஒதுங்க இது ஒண்ணுதான் இருக்குது. சாவிய எங்கிட்ட குடுங்க. என் வூடு எதுத்தாப்புலதான். ஆறு மணிக்குப் பூட்டிக்கறேன்."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தோழி கேட்ட அதே கேள்விக்கு இதைவிடச் சரியான பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. குடிக்கிறவனுக்கு மலை இருக்கிறது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு மலை இல்லை. அதற்குக் கூரை வேண்டும், கூரைக்கு எதிரில் ஒரு ஆயா வேண்டும்.

தீர்மானம் என்று எதுவும் எழுதவில்லை. "பாத்துக்கலாம்" என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, ஹாலின் சாவி அம்மாவிடமும் கிரில் கேட்டின் சாவி ஆயாவிடமும் என்று பிரிந்தது. எழுத்தில் இல்லாத ஏற்பாடு. அடுத்த மாதம் ஒருநாள் உள்ளே பீடித் துண்டு கிடந்தது என்று பத்து நாள் பூட்டி வைத்தார்கள். மறுபடி திறந்தார்கள். ஊராட்சியில் ஆள் மாறினால் இந்த ஏற்பாடும் மாறலாம். ஆயா ஓய்வுபெற்றால், எதிர் வீட்டில் இருக்கும் ஒருவரையே அடுத்த உதவியாளராகப் போடுவார்கள் என்று என்ன நிச்சயம்?

புதுக் கட்டடங்களுக்கான அரசாங்கக் கணக்கில் 600 சதுர அடி இருக்கிறது. கழிப்பறை, குடிநீர், சமையலறை இருக்கிறது. 2021இல் அறிவித்த திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 2 லட்சம் மையங்களுக்கு எல்.இ.டி. திரையும் மழைநீர் சேகரிப்பும் காய்கறித் தோட்டமும் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். அந்தப் பட்டியலில் மூன்று வரி சேர்க்கச் சொல்ல எனக்கு ஆசை. பழையதை இடிக்கும் நாளுக்கு முந்தின நாளே பிள்ளைகள் மாற்று இடத்துக்குப் போயிருக்க வேண்டும். வரைபடம் போடுவதற்கு முன் டீச்சரையும் ஆயாவையும் கேட்க வேண்டும். மையம் மூடிய பிறகு திண்ணை யாருடையது என்று எழுதி வைக்க வேண்டும். மூன்றுக்கும் சிமெண்ட் செலவு இல்லை.

இதை அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நாலாவதா ஒண்ணு எழுது" என்றாள்.

"என்னம்மா?"

"புதுக் கூரைல கொக்கி வெக்கல. ஆயா தூளி கட்ட எடமில்லாம ஜன்னல் கம்பில கட்டறா. ஊஞ்சலுக்கும் ஆவும். கொக்கி ஒண்ணு வெக்கச் சொல்லி எழுது."